பழைய சீனப் பீங்கான் வாங்குமுன்: முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

நீல-வெள்ளைப் பீங்கான் சேர்க்க ஆரம்பித்த புதிதில் ஒரு சின்ன ஜாடிக்கு எக்கச்சக்கமாகக் கொடுத்து ஏமாந்தேன். அடியில் காங்சி பேரரசரின் முத்திரை இருந்ததுதான் காரணம். அவர் ஆண்டது 1662 முதல் 1722 வரை. ஜாடியோ 19-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் செய்தது.

அதனால் முத்திரையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மோதிரத்தைக் கழற்றி, துண்டு விரித்து, பாத்திரத்தைக் கவிழ்த்து வையுங்கள். அடிவளையத்தில் மெருகு, அதாவது கண்ணாடி போன்ற மேற்பூச்சு, இருக்காது, மண் தெரியும். விரலால் தடவுங்கள். பல வருடம் புழங்கியது வழவழப்பாக இருக்கும், கீறல்கள் கண்டபடி ஓடும். எல்லாம் ஒரே திசையில் ஓடினால் உப்புத்தாளின் வேலை.

அப்புறம் லூப், அதாவது கண்ணருகே வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கி. பத்து மடங்கு போதும். விளக்கு வைத்த லூப் எனக்குப் பிடிக்காது, மெருகு பளபளத்துக் கண்ணைக் கூசும்; ஜன்னல் வெளிச்சமே நல்லது. கோபால்ட் நீலம் மெருகுக்கு அடியில் இருக்கும், தூரிகை இழுத்த இடத்தில் திட்டுத்திட்டாக அடர்ந்து வெளிறும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு. வைத்துவிட்டு நகருங்கள்.

விளிம்பை நகத்தால் சுண்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் எங்கோ விரிசல்.

சரி, இப்போது முத்திரை. வலப்பக்க வரிசையை மேலிருந்து கீழாகப் படித்துவிட்டு இடப்பக்கம் வாருங்கள். நான் சறுக்கியது இங்கேதான். 1677-இல், சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்தேஜென்னின் அதிகாரி ஒருவர், பேரரசர் பெயரைப் பீங்கானில் எழுதக் கூடாதென்று தடை போட்டார். உடைந்தால் அந்தப் பெயர் குப்பையில் கிடக்குமே! சூளைக்காரர்கள் வெறும் இரட்டை வட்டம் போட்டார்கள், இலை வரைந்தார்கள், இல்லையென்றால் இருநூறு வருடம் முந்திய செங்குவா பேரரசரின் பெயரை எழுதினார்கள். ஆக, வெறும் வட்டம் போட்டது அசல் காங்சியாக இருக்கலாம். என் ஜாடியில் இருந்த நான்கெழுத்துக் காங்சி முத்திரை, பெரும்பாலும் பிற்காலத்து வேலை.

முதல் கொள்முதலுக்கு என் பரிந்துரை டெக் சிங் என்ற சீனக் கப்பலின் சரக்கு. 1822-இல் மூழ்கி, 1999-இல் எடுக்கப்பட்டு, மறுவருடம் ஜெர்மனியில் ஏலம் போனது. சுமார் மூன்றரை லட்சம் உருப்படிகள். உப்புநீரில் கிடந்ததால் பல மங்கலாக இருக்கும். ஆனால் வயது நிச்சயம். கையில் ஒன்று இருந்தால் மற்றதை ஒப்பிடலாம்.

பின்சேர்க்கை: சுண்டினால் மந்தம், விரிசலோ தெரியவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். இருட்டறையில் புறஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். ஒட்டுப்போட்ட இடம் பெரும்பாலும் தனி நிறத்தில் ஒளிரும். கவிழ்க்குமுன் மூடியைத் தனியே எடுத்துவிடுங்கள். அதையும் முதலில் எழுத மறந்துவிட்டேன்.