வாட்டமுள்ள தரையில் வாஷிங் மெஷினை மட்டமாக நிறுத்துவது

சென்னையின் ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் வாஷிங் மெஷினுக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் முற்றத்து ஓரமோ குளியலறை வாசலோதான். தண்ணீர் ஜலதாரைக்கு ஓட வேண்டும் என்பதற்காகக் கொத்தனார் அங்கே வேண்டுமென்றே வாட்டம் விட்டிருப்பார். அதைத் தரையின் குறையாக எண்ணிச் சிமெண்ட் பூசி மேடாக்கினால், மெஷின் மட்டமாக நின்றாலும் தண்ணீர் தேங்கும். ஆகவே கை வைக்க வேண்டியது மெஷினின் கால்களில்தான்.

பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, உள்ளே துணியும் தண்ணீரும் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். புதிய ஃபிரண்ட் லோடு மெஷின் என்றால், வழியில் டிரம் ஆடாமலிருக்கப் பின்புறம் பூட்டி அனுப்பும் போல்ட்டுகளைக் கழற்றியாயிற்றா என்றும் பாருங்கள். அவை இருக்கும்வரை என்ன செய்தாலும் மெஷின் துள்ளும்.

ஒருவர் மெஷினைச் சற்றே சாய்த்துப் பிடிக்க (கதவைப் பிடித்து இழுக்கக் கூடாது), மற்றவர் கால்கள் தளராமல் பிடித்திருக்கும் லாக் நட்டுகளை ஸ்பேனரால் தளர்த்தி, நான்கு கால்களையும் முழுவதும் உள்ளே திருகிவிட வேண்டும். காசிமேட்டுக் கடற்காற்றில் இவை துருவேறி இறுகியிருந்தால், துரு நீக்கும் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் ஊறவிடுங்கள்.

பிறகு ரசமட்டத்தை (குமிழியைக் கொண்டு மட்டம் காட்டும் கருவி) மேல்தகட்டில் குறுக்கிலும் நெடுக்கிலும் வைத்துப் பாருங்கள். குமிழி ஓடும் பக்கமே உயரம். கைப்பேசிச் செயலியும் உதவும் என்றாலும், பின்பக்கம் கேமரா துருத்திக்கொண்டிருக்கும் கைப்பேசி தப்புக் கணக்குத்தான் சொல்லும். மிக உயர்ந்த மூலையின் காலை அப்படியே விட்டுவிட்டு, மற்ற மூலைகள் அதன் உயரத்துக்கு வரும்வரை அவற்றின் கால்களை மட்டும் வெளியே திருகி இறக்குங்கள். கால் நீள நீள அதிர்வும் கூடும் என்பதால் தேவைக்கு மேல் ஒரு சுற்றுக்கூட வேண்டாம்.

குமிழி நடுவில் நின்றாலும் வேலை முடியவில்லை. எதிரெதிர் மூலைகளை மாற்றி மாற்றி அழுத்தினால், தரையில் படாத கால் டக் டக்கென்று காட்டிக்கொடுத்துவிடும். நான்கும் பதிந்தபின் லாக் நட்டுகளை மெஷினின் அடித்தகட்டோடு இறுக்குங்கள். இதை மறந்தால், ஸ்பின் ஓடும் அதிர்விலேயே கால்கள் மறுபடியும் தளர்ந்துவிடும்.

பல டாப் லோடு மெஷின்களில் பின்கால்களைத் திருக முடியாது. பின்பக்கம் பள்ளமாக இருந்தால் அந்தக் கால் நிற்கும் இடத்தில் கடப்பா கல் துண்டு ஒன்றைச் சிமெண்ட்டில் பதித்துவிடலாம். அட்டையும் மரத்துண்டும் ஈரத்தில் ஊறி அமுங்கிவிடும்.

கடைசியில் சில துணிகளைப் போட்டு ஸ்பின் ஓட்டிப் பாருங்கள். ஒற்றைப் போர்வையைப் போட்டுச் சோதிக்க வேண்டாம். அது ஒரு பக்கமாகச் சுருண்டு, சரியாக நிற்கும் மெஷினையும் குதிக்க வைக்கும்.