ஒழுங்கு அறுகோணத்தின் பரப்பளவு: ஒரு முக்கோணம் போதும்

ஒழுங்கு பலகோணத்தில் எல்லாப் பக்கங்களும் சமம், எல்லாக் கோணங்களும் சமம். இரண்டும் வேண்டும். சாய்சதுரத்தின் பக்கங்கள் சமமாக இருந்தாலும் கோணங்கள் மாறலாம், அதனால் எல்லாச் சாய்சதுரமும் இதில் சேராது. இந்த ஒழுங்கு இருப்பதால்தான் உருவத்தைச் சர்வசமத் (அளவும் வடிவமும் ஒன்றான) துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டின் பரப்பை மட்டும் கண்டுபிடித்துப் பெருக்க முடிகிறது. சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட இந்த வழி நல்லது, மறந்துபோகாது.

சரி, பக்கம் 6 செ.மீ உள்ள அறுகோணம் ஒன்றைச் செய்து பார்ப்போம்.

படி 1: படம் வரையுங்கள். கவராயத்தில் 6 செ.மீ எடுத்து வட்டம் போடுங்கள். அளவை மாற்றாமல் வட்டத்தின் மேலேயே அடுத்தடுத்து வெட்டிக்கொண்டு போனால் சரியாக ஆறு புள்ளிகள் கிடைக்கும். அவற்றை வரிசையாக இணையுங்கள்.

படி 2: மையத்திலிருந்து ஆறு முனைகளுக்கும் கோடு போடுங்கள். கிடைக்கும் ஆறு முக்கோணங்களிலும் இரண்டு பக்கங்கள் ஆரம், மூன்றாவது அறுகோணத்தின் பக்கம். ஆகவே ப-ப-ப (பக்கம்-பக்கம்-பக்கம், மூன்று பக்கங்களும் சமம்) விதிப்படி எல்லாம் சர்வசமம். பார்த்தாலே தெரிகிறதே என்று இந்த வரியை எழுதாமல் விடாதீர்கள். ஆறால் பெருக்கலாம் என்பதற்குக் காரணமே இதுதான்.

படி 3: ஒரு முக்கோணத்தின் உயரம். மையக்கோணம் 360° ÷ 6 = 60°. ஆரங்கள் சமம் என்பதால் மற்ற இரு கோணங்களும் 60°தான். எனவே இது சமபக்க முக்கோணம். உயரம் அடிப்பக்கத்தை 3 செ.மீ, 3 செ.மீ ஆகப் பிரிக்கும். பிதாகரஸ் தேற்றப்படி உயரம் = √(36 − 9) = √27 ≈ 5.196 செ.மீ.

படி 4: ½ × 6 × 5.196 ≈ 15.59 ச.செ.மீ. ஆறு முக்கோணங்களுக்கு 6 × ½ × 6 × 5.196 ≈ 93.53 ச.செ.மீ. இடையில் முழுமையாக்காமல் கடைசியில் மட்டும் முழுமையாக்குங்கள்.

பலர் தடுமாறும் இடம் ஐங்கோணம். அங்கே மையக்கோணம் 72°, அதனால் முக்கோணங்கள் சமபக்கம் அல்ல, இருசமபக்கம் மட்டுமே. சமபக்க முக்கோணச் சூத்திரத்தை அங்கே போட்டால் விடை தப்பும். மையத்திலிருந்து பக்கத்துக்கு உள்ள செங்குத்துத் தூரம் வேண்டும். பக்கம் 10 செ.மீ, அந்தத் தூரம் 6.88 செ.மீ என்றால், 5 × ½ × 10 × 6.88 = 172 ச.செ.மீ.

அப்புறம் ஒன்று: சர்வசம உருவங்களின் பரப்பு சமம், ஆனால் பரப்பு சமமானால் சர்வசமம் என்று ஆகாது. 6 × 4, 8 × 3 செவ்வகங்கள் இரண்டுக்கும் பரப்பு 24தான்.

இப்போது பக்கம் 4 செ.மீ உள்ள அறுகோணத்தை நீங்களே போடுங்கள். விடை சுமார் 41.57 ச.செ.மீ வர வேண்டும்.