ஐபோனை ஜெயில்பிரேக் செய்வதற்கு முன்

முதலில் சட்டத்தைப் பாருங்கள். அமெரிக்காவில், காங்கிரஸ் நூலகத்தின் விதிவிலக்கு 2010 ஜூலையில் வெளிவந்தபின், முறையாகப் பெற்ற செயலிகளை இயக்குவதற்காகத் தம் கைபேசியின் மென்பொருள் தடையை நீக்குவது (அதுவே ஜெயில்பிரேக்) டிஎம்சிஏ என்னும் பதிப்புரிமைச் சட்டத்தை மீறுவதாகாது; ஆனால் அதற்கான கருவிகளை விற்பவரையோ, திருட்டுச் செயலிகளை நிறுவுபவரையோ அது காப்பாற்றாது. மூன்றாண்டுக்கு ஒருமுறை அது மறுபரிசீலனைக்கு வருவதால், நடப்பு விதியைப் படித்த பிறகே தொடங்குங்கள்.

தரவுகள் அனைத்தையும் கணினியில் காப்பு நகல் எடுத்துவிடுங்கள்.

வேறொரு கணினியிலிருந்து கைபேசிக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் மென்பொருளை நிறுவினால், கைபேசியில் ஏற்கெனவே உள்ள ரூட், மொபைல் ஆகிய இரு கணக்குகளின் கடவுச்சொற்களையும் அந்த நிமிடமே மாற்றுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எல்லா ஐபோன்களிலும் தொடக்கக் கடவுச்சொல் ‘ஆல்பைன்’ என்றே இருந்ததால், 2009 நவம்பரில் ஐக்கீ என்னும் புழு (தானே பரவும் தீநிரல்), அதை மாற்றாதவர்களின் கைபேசிகளில் புகுந்து திரையின் பின்னணிப் படத்தை மாற்றியது. அதே மாதம் வந்த இன்னொரு புழு, நெதர்லாந்தின் வங்கி வாடிக்கையாளர்களையே குறிவைத்தது.

ஜெயில்பிரேக் செய்த கைபேசிகளுக்குச் செயலிகளை நிறுவித் தரும் சிடியாவில், முன்பின் தெரியாத மென்பொருள் களஞ்சியங்களைச் சேர்க்காதீர்கள். 2015இல் கீரெய்டர் என்ற தீநிரல் அவ்வழியே பரவி, 2,25,000க்கும் மேற்பட்ட ஆப்பிள் கணக்குகளின் விவரங்களைத் திருடியது. வங்கிச் செயலியை வேறொரு கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.