இடித்துவிட்டுப் போன வண்டி: இழப்பீட்டைக் கெடுக்கும் தவறுகள்

புது வண்டி எடுப்பவர்கள் மைலேஜைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். பாலிசித் தாளை மட்டும் பிரித்துப் பார்ப்பதில்லை. இடித்தவனிடம் இன்சூரன்ஸ் இல்லை, அல்லது அவன் நிற்காமலே போய்விட்டான் என்ற நிலை வந்த பிறகுதான் அந்தத் தாள் வெளியே வருகிறது. வருஷா வருஷம் புதிதாக வருபவர்கள் அதே குழிகளில்தான் விழுகிறார்கள். ஹெல்மெட், குடித்துவிட்டு ஓட்டுவது, பாலிசியைப் புதுப்பிக்க மறப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுவோம்.

ஒன்றை மட்டும் முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பாலிசிகளில் காப்பீடு இல்லாதவன் இடித்தால் அதற்கென்றே ஒரு கவர் உண்டு. இந்தியாவின் வழக்கமான மோட்டார் பாலிசியில் அப்படித் தனிப் பிரிவு கிடையாது. இங்கே பணம் மூன்று இடங்களிலிருந்து வரலாம்: உங்கள் சொந்தப் பாலிசி, இடித்த வண்டியின் தேர்ட் பார்ட்டி பாலிசி அல்லது அதன் உரிமையாளர், அடையாளம் தெரியாத வண்டி என்றால் அரசு நஷ்டஈட்டுத் திட்டம். எந்தக் கதவு திறக்கும் என்பது பெரும்பாலும் முதல் நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

‘அஞ்சு வருஷ இன்சூரன்ஸ் போட்டாச்சு’ என்ற நிம்மதி

2018 செப்டம்பர் 1 முதல் புது டூ-வீலருக்கு 5 வருஷமும் புது காருக்கு 3 வருஷமும் தேர்ட் பார்ட்டி காப்பீடு கட்டாயம். ஷோரூமில் பொதுவாகக் கையில் கொடுப்பது 1+5 அல்லது 1+3 பாலிசி. அதில் நீளமாக இருப்பது தேர்ட் பார்ட்டி மட்டும்தான். உங்கள் வண்டிக்கான ஓன் டேமேஜ் ஒரே வருஷம். இரண்டாவது வருஷம் போலீஸ் நிறுத்திப் பார்த்தாலும் இன்சூரன்ஸ் இருக்கிறது என்றே காட்டும். அதனால் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

தேர்ட் பார்ட்டி என்பது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு வரும் நஷ்டத்துக்கு. வீட்டு வாசலில் நிறுத்திய காரை இரவில் எவனோ உரசிவிட்டுப் போனால் அதிலிருந்து ஒரு ரூபாய் வராது. பாலிசியின் முதல் பக்கத்தில் இரண்டு காலவரம்புகள் தனித்தனியாக அச்சாகியிருக்கும். ஓன் டேமேஜ் தேதியைப் பாருங்கள். முடியப்போகிறது என்றால் ஸ்டாண்ட்-அலோன் ஓ.டி. (ஓன் டேமேஜ் மட்டும் உள்ள) பாலிசியை வேறு கம்பெனியிலும் எடுக்கலாம். 2019 செப்டம்பர் முதல் அந்த வசதி உண்டு. இடைவெளி விழுந்துவிட்டால் காரை நேரில் பார்த்தோ வீடியோ எடுக்கச் சொல்லியோதான் புதிதாகக் கொடுப்பார்கள். 90 நாள் தாண்டினால் கிளெய்ம் செய்யாத வருஷங்களுக்காகச் சேர்த்துவைத்த பிரீமியத் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் போய்விடும்.

ஓ.டி. இருந்தாலும் முழுத் தொகை வரும் என்று எண்ண வேண்டாம். பின்னால் இடித்துவிட்டு ஓடுகிறவன் உடைப்பது பெரும்பாலும் பம்பரைத்தான். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் என்று 50% கழிப்பார்கள். உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு. 2 முதல் 3 வருஷ வண்டிக்கு 15%, 4 முதல் 5 வருஷ வண்டிக்கு 35%. கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்லை. இதற்கு மேல் 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய் கட்டாயக் கழிவு. ஐந்து வயதுக்குட்பட்ட காருக்கு, தேய்மானம் கழிக்காமல் கொடுக்கும் ‘ஜீரோ டெப்’ கவரைச் சேர்த்து எடுப்பது காசுக்கேற்ற பயன் தரும்.

ஆஸ்பத்திரியில் ‘தானா விழுந்துட்டேன்’ என்று சொல்வது

இத்தனை தவறுகளில் ஆற்றாமை தருவது இதுதான். மற்றவற்றில் பம்பர் காசு போகும். இதில் ஒரு குடும்பத்தின் பிழைப்பே போகிறது. அதுவும் ஒற்றை வரியில்.

நடப்பது இப்படித்தான். மாலையில் வேலை முடிந்து டூ-வீலரில் வருபவரை ஒரு கார் இடித்துத் தள்ளுகிறது. கால் எலும்பு முறிவு. அக்கம்பக்கத்தவர் ஆட்டோவில் ஏற்றி அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். கேஷுவாலிட்டியில் டாக்டர் ‘எப்படி ஆச்சு?’ என்கிறார். கூட வந்தவர், போலீஸ் கேஸ் என்றால் சிகிச்சை தாமதமாகும், தன்னையும் சாட்சிக்கு இழுப்பார்கள் என்று பயந்து, ‘வண்டி சறுக்கி விழுந்துட்டாருங்க’ என்கிறார். சில சமயம் இடித்த காரின் ஓட்டுநரே கூட நின்று, ‘செலவை நான் பாத்துக்கறேன், கேஸ் மட்டும் வேணாம்ணே’ என்று கெஞ்சுகிறான். டாக்டர் ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேட்டில் ‘ஸ்கிட் அண்ட் ஃபால்’ என்று எழுதிவிடுகிறார். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அதே வரி ஏறுகிறது.

மூன்றாவது வாரம் இரண்டாவது ஆபரேஷன் என்கிறார்கள். இடித்தவனின் போன் சுவிட்ச் ஆஃப். அப்போது ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுக்கிறார்கள். தாமதமான எஃப்.ஐ.ஆர். மட்டும் என்றால் வழக்கு செத்துவிடாது. காரணம் சொன்னால் நஷ்டஈட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் ஏற்கும். ஆனால் விபத்து நடந்த அரை மணி நேரத்தில், யாரும் யோசித்துப் பேச அவகாசமில்லாத வேளையில் பதிவான ஏ.ஆர். காப்பி ‘தானாக விழுந்தார்’ என்று சொல்லும்போது, இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீலுக்கு வேறு ஆயுதமே வேண்டாம். வண்டியைப் பின்னால் செட்டப் செய்துவிட்டார்கள் என்று வாதாடுவார். பணத்துக்காகத் தெரிந்தவர் வண்டியை வழக்கில் நுழைக்கும் மோசடிகள் உண்மையிலேயே நடப்பதால், அந்த வாதம் எடுபடும். அரசு நஷ்டஈட்டுத் திட்டத்திலும் இதே கதி. வாகனமே மோதவில்லை என்று ஆவணம் சொன்னால், அடையாளம் தெரியாத வாகனத்துக்கு ஏது நஷ்டஈடு?

டாக்டரிடம் சொல்ல வேண்டியவை நான்குதான்: எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்த வகை வண்டி மோதியது, யார் கொண்டுவந்தார்கள். நம்பர் தெரியாவிட்டால் ‘அடையாளம் தெரியாத கார் மோதியது’ என்றே சொல்லுங்கள். யாரோ சொன்ன அரைகுறை நம்பரைச் சொல்ல வேண்டாம். அது தப்பாக இருந்தால் பின்னால் சரியான நம்பர் கிடைத்தாலும் நம்ப மாட்டார்கள். அடிபட்டவர் மயக்கத்தில் இருந்தால் கூட இருப்பவர், ‘விபத்தை நான் நேரில் பார்க்கவில்லை, சாலை விபத்து என்று தெரியும்’ என்று உள்ளதைச் சொன்னால் போதும்.

கொண்டுவந்து சேர்த்தவருக்கு ஒரு வார்த்தை: மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு உங்களைப் பாதுகாக்கிறது. பெயரைச் சொல்லும்படியோ சாட்சியாகும்படியோ கட்டாயப்படுத்த முடியாது. பயந்து பொய் சொல்லத் தேவையே இல்லை.

லைசென்ஸ் கையில் இல்லை என்ற பயத்தில் சறுக்கி விழுந்ததாகச் சொல்பவர்களும் உண்டு. லைசென்ஸ் இல்லாததற்கு அபராதம் வரும். ஆனால் தப்பு எதிராளி மீது என்றால், அந்த ஒரே காரணத்தால் உங்கள் நஷ்டஈட்டு உரிமை போய்விடாது.

தவறாக எழுதிவிட்டார்கள் என்று தெரிந்தால் டிஸ்சார்ஜுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கோ மறுநாளோ, யார் அப்படிச் சொன்னது, ஏன் சொன்னது என்று மருத்துவ அதிகாரிக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஸ்டேஷனிலும் அதையே வாக்குமூலமாகக் கொடுங்கள். மூன்றாம் நாள் திருத்தினால் விளக்கம். மூன்றாம் மாதம் திருத்தினால் கட்டுக்கதை என்பார்கள்.

சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வருவது

சி.எஸ்.ஆர். என்பது புகார் பெற்றதற்கான ரசீது. காயம்பட்ட விபத்துக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும். பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 281, 125 பிரிவுகள் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எஃப்.ஐ.ஆர். ஆனால்தான் முதல் விபத்து அறிக்கை 48 மணி நேரத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போவது முதலான வேலைகள் முறையாக நகரும்.

வண்டியைக் கழுவுவது, ரிப்பேருக்கு விடுவது

ஓடிவிட்ட வண்டி தன் அடையாளத்தை உங்கள் வண்டியில் விட்டுப்போகிறது. கதவில் ஒட்டிய வேறு நிறப் பெயின்ட், தரையில் கிடக்கும் ஹெட்லைட் சில்லு, உடைந்த சைடு மிரர் மூடி. மிரர் மூடியின் உட்புறத்தில் பாக எண் அச்சாகியிருக்கும். அதை வைத்து எந்த மாடல் என்று கண்டுபிடித்துவிடலாம். பொறுக்கிக் கவரில் போட்டுப் போலீசிடம் கொடுங்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்த்து அறிக்கை கொடுக்கும் வரையிலும், இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும் வரையிலும் வண்டியைத் தொட வேண்டாம். அருகிலுள்ள கடைகளின் சி.சி.டி.வி. பதிவு சில நாட்களிலேயே அழிந்துவிடும், எனவே எஃப்.ஐ.ஆருக்குக் காத்திராமல் அன்றே போய்க் கேளுங்கள்.

முன்பக்கம் அடிபட்டு ரேடியேட்டர் ஒழுகினால் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள். சூடாகி என்ஜின் சீஸ் ஆனால், அது விபத்தால் நேர்ந்தது அல்ல, தொடர்ந்து ஓட்டியதால் வந்தது என்று கழித்துவிடுவார்கள்.

ரோட்டிலேயே பேசி முடிப்பது

ஐயாயிரத்தை வாங்கிக்கொண்டு ‘இனி எந்த நடவடிக்கையும் எடுக்க மாட்டேன்’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள். தோள்வலி மறுநாள்தான் தெரியும்.

நம்பர் கிடைத்தும் ‘ஹிட் அண்ட் ரன்’ பணத்தோடு நின்றுவிடுவது

நிற்காமல் போன எல்லா வண்டியும் அடையாளம் தெரியாத வண்டிக்கான அரசு நஷ்டஈட்டுத் திட்டத்துக்குள் வராது. 161-வது பிரிவின்படி, முயன்று தேடியும் வண்டியின் அடையாளம் தெரியாமல் போயிருக்க வேண்டும். நம்பர் கிடைத்துவிட்டால் வழி வேறு: மோட்டார் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் எம்.சி.ஓ.பி. மனு. உங்கள் ஊர் எல்லைக்குட்பட்ட தீர்ப்பாயத்திலேயே போடலாம். விபத்து நடந்து 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்பது சட்டத்தில் 2022 ஏப்ரல் முதல் உள்ள வரம்பு; அதற்குள் போட்டுவிடுவதே நல்லது.

நம்பர் கிடைத்ததும் எம்பரிவாகன் செயலியில் இன்சூரன்ஸ் தேதியைப் பாருங்கள். விபத்து நேரத்தில் பாலிசி உயிரோடு இருந்ததா என்பதே கேள்வி. பாலிசி இருந்து, ஓட்டியவனுக்கு லைசென்ஸ் இல்லை என்பது போன்ற மீறல் என்றால், கம்பெனி முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிடலாம். பாலிசியே இல்லை என்றால் கம்பெனியை இழுக்க முடியாது. ஓட்டியவனும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரும்தான் பொறுப்பு. ‘வித்துட்டேன், பேரு மாத்தல’ என்ற பேச்சு ஆர்.சி. உரிமையாளரைக் காப்பாற்றாது.

இங்கே பலர் கோட்டைவிடும் இடம், பிடிபட்ட அந்த வண்டி. காப்பீடு இல்லாத விபத்து வண்டியை, நஷ்டஈட்டுக்குப் போதுமான பிணை கொடுக்காமல் விடுவிக்கக் கூடாது. 3 மாதத்தில் பிணை வராவிட்டால் ஏலம் விட்டுப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும் என்பது விதி. அந்த ஆள் வண்டியை மீட்க மனுப் போடும்போது நீங்கள் ஆஜராகி ஆட்சேபிக்க வேண்டும். வண்டி கைவிட்டுப் போனால், லட்சக்கணக்கில் தீர்ப்பு வாங்கி வைத்திருந்தாலும் சொத்தைத் தேடி அலைய வேண்டியதுதான். வருவாய் வசூல் போல கலெக்டர் மூலம் வசூலிக்க 174-வது பிரிவு இடம் தருகிறது. வசூலிக்க ஏதாவது இருந்தால்.

சி.பி.ஏ.வை வெட்டிவிட்டுப் பிரீமியத்தைக் குறைப்பது

இடித்தவன் யாராக இருந்தாலும், கிடைக்காமலே போனாலும் உங்கள் குடும்பத்துக்கு வரும் பணம் இது. உரிமையாளர்-ஓட்டுநருக்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு. மரணத்துக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் 15 லட்சம், ஒரு கண்ணோ ஒரு கை காலோ போனால் பாதி. 1+5 பாலிசியில் இதுவும் பல சமயம் ஒரே வருஷத்துக்குத்தான் இருக்கும். மூன்று நிபந்தனை: ஆர்.சி. உங்கள் பெயரில், பாலிசி உங்கள் பெயரில், செல்லுபடியாகும் லைசென்ஸ். அப்பா பெயரில் உள்ள வண்டியை மகன் ஓட்டினால் இது கிடைக்காது. எலும்பு முறிந்து ஆறு மாதம் படுத்திருப்பதற்கும் இதில் பணமில்லை. அதற்கு மெடிக்கல் பாலிசி. பின்னால் உட்காருபவருக்குத் தனியாகப் பயணி விபத்துக் கவர் சேர்க்க வேண்டும்.

போனஸ் போகுமே என்று கிளெய்மைத் தவிர்ப்பது

போகத்தான் போகும், தப்பு உங்களுடையது இல்லாவிட்டாலும். அடுத்த வருஷத் தள்ளுபடியையும் இன்றைய ரிப்பேர் பில்லையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்த்து முடிவெடுங்கள்.

வண்டி கிடைக்கவே இல்லை என்றால் சும்மா இருந்துவிடுவது

2022 ஏப்ரல் 1 முதல் அடையாளம் தெரியாத வாகனத்தால் மரணம் என்றால் 2 லட்சம், கொடுங்காயம் என்றால் 50,000 ரூபாய். முன்பு இது 25,000, 12,500 என்று இருந்தது. அந்தப் பழைய தொகையை நினைத்துக்கொண்டே பலர் அலையத் தயங்குகிறார்கள். எலும்போ பல்லோ உடைந்தால் அது கொடுங்காயம்தான். தீர்ப்பாயத்துக்கோ வக்கீலிடமோ போக வேண்டியதில்லை. படிவம் 1-ஐ நிரப்பி தாசில்தார் அல்லது வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) நிலையில் நியமிக்கப்பட்ட கிளெய்ம் விசாரணை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்று அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, அடையாளச் சான்று, பாஸ்புக் முதல் பக்கம், படிவம் 4 உறுதிமொழி ஆகியவை கூடவே வேண்டும். அந்த அதிகாரி ஒரு மாதத்தில் அறிக்கை தர வேண்டும். அது வந்து 15 நாளில் கலெக்டர் நிலையிலுள்ள ஆணையர் உத்தரவிட வேண்டும். அதன் பிறகு 15 நாளில் ஜெனரல் இன்சூரன்ஸ் கவுன்சில் பணம் அனுப்ப வேண்டும்.

வண்டி கண்டுபிடிக்கப்படவில்லை என்றால், இப்படி ஒரு உரிமை இருக்கிறது என்று பாதிக்கப்பட்டவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டியது போலீசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. அந்தக் கடிதம் வராவிட்டால் ஸ்டேஷனில் கேட்டு வாங்குங்கள். இந்தப் பணத்தை வாங்கிவிட்டால் பிறகு வழக்குப் போட முடியாது என்பது தவறு. வண்டி பின்னால் பிடிபட்டுத் தீர்ப்பாயம் நஷ்டஈடு கொடுத்தால், வாங்கிய தொகையை அதில் கழித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். படிவம் 4-இல் கையெழுத்து வாங்குவதும் அதற்காகவே.