பிஸ்டலுக்கு எந்த எண்ணெய்? கடலோர வெப்பத்தில் மசகைத் தேர்ந்தெடுக்கும் முறை

தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, அது முடிந்து திரும்பப் பெற்ற என் .32 பிஸ்டலின் ஸ்லைடில் (மேலே முன்னும் பின்னும் நகரும் எஃகுப் பகுதியில்), வலப்பக்கத்தில், ஒரு கட்டைவிரல் ரேகை துருவாலேயே அச்சாகி இருந்தது. ரேகை என்னுடையதுதான். ஒப்படைத்த அன்று காலையில் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு, கடைசியில் வெறுங்கையால் எடுத்துப் பைக்குள் வைத்திருக்கிறேன். மீதி வேலையை வியர்வையின் உப்பு பார்த்துக்கொண்டது. நான் போட்டிருந்தது கெட்ட எண்ணெய் அல்ல. தையல் மெஷினுக்கு விடுகிற, நீர் போல மெல்லிய, சுத்தமான கனிம எண்ணெய். உராய்வைக் குறைக்க அது தாராளமாகப் போதும்; இரண்டரை மாதம் உப்புக் காற்றைத் தாங்குவதற்குத்தான் அதனால் முடியவில்லை.

மசகு எண்ணெய் வாங்கப் போகிறவர் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். உலோகத்தின் மீது உலோகம் வழுக்கிச் செல்ல உதவுவது ஒரு வேலை; சும்மா கிடக்கும் உலோகத்தை ஈரத்திலிருந்து காப்பது வேறொரு வேலை. முதல் வேலைக்கு, உராயும் இடத்தை விட்டு விலகாத, வெப்பத்தில் வழிந்தோடாத ஒரு படலம் தேவை. இரண்டாவது வேலைக்கு, மேற்பரப்பு முழுவதிலும் பரவி, துருத்தடுப்பு வேதிப்பொருள்களைத் தாங்கி, வாரக்கணக்கில் ஆவியாகாமல் நிற்கும் படலம் தேவை. இரண்டையும் ஒரே புட்டியில் தருவதாகச் சொல்லி விற்கப்படும் எண்ணெய்கள் உண்டு. அவை இரண்டு வேலையையும் சுமாராகச் செய்யும். வாரந்தோறும் சுடுபவருக்கு அந்தச் சுமாரே போதும். ஆண்டுக்கு இருமுறை மட்டும் பெட்டியைத் திறப்பவருக்குப் போதாது.

எண்ணெயைத் தொடும் முன் மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் கூட்டை) கழற்றி, ஸ்லைடை முழுவதும் பின்னுக்கு இழுத்து, சேம்பர் (சுடப்படும் தோட்டா உட்காரும் அறை) காலியாக இருப்பதைக் கண்ணால் ஒருமுறையும் விரலால் ஒருமுறையும் உறுதி செய்ய வேண்டும். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, ஜன்னல் திறந்திருக்கும் இடத்தில், தயாரிப்பாளரின் கையேட்டில் சொல்லியுள்ளபடி பிரிக்க வேண்டும். துடைக்கும்போது வெளிவரும் கரியில் ஈயம் இருக்கும் என்பதால், வேலை முடிந்ததும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டுப் பக்கம் போகக் கூடாது.

அடுத்து, எந்த இடத்தில் உலோகம் உலோகத்தைத் தேய்க்கிறது என்பதைப் பிஸ்டலே காட்டிக்கொடுத்துவிடும். சில நூறு தோட்டாக்கள் சுட்ட கருவியைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், மேற்பூச்சு தேய்ந்து வெளிறிப் பளபளக்கும் கோடுகள் தெரியும். எண்ணெய் போட வேண்டிய இடங்கள் அவைதான். பெரும்பாலான பிஸ்டல்களில் ஃபிரேமின் (பிடியோடு சேர்ந்த அடிச்சட்டத்தின்) மேல் ஸ்லைடு ஓடும் ரெயில்கள், பேரலின் முனையில் ஸ்லைடு உரசும் வளையம், பேரலின் மேல்பகுதி, அடிப்பகுதியில் பூட்டிக்கொள்ளும் மேடுகள், ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா என்று நிறுத்தும் டிஸ்கனெக்டர் ஸ்லைடின் அடியில் உரசும் தடம் ஆகியவற்றில் இந்தப் பளபளப்பைக் காணலாம். இந்தியாவில் உரிமம் பெற்ற பொதுமக்களிடம் அதிகம் காணப்படும் .32 பிஸ்டல்களில் பல, புளோபேக் முறையில் இயங்குபவை. அவற்றில் பேரல் அசையாமல் நிற்க, ஸ்லைடு தன் எடையாலும் ஸ்பிரிங்கின் விசையாலும் மட்டுமே தோட்டாவின் உந்துதலைத் தாங்குகிறது. ஆகவே அங்கே பூட்டு மேடுகள் என்ற கவலை இல்லை; ஆனால் வெற்றுக் கூடு சீக்கிரம் பின்னுக்கு வருவதால் புகைக்கரி உள்ளே கூடுதலாகப் படியும், போட்ட எண்ணெய் கரியோடு சேர்ந்து விரைவில் கருஞ்சாந்தாகும். இவ்வகைப் பிஸ்டலுக்குக் கெட்டியான கிரீஸைவிட, அடிக்கடி துடைத்துவிட்டுப் புதிதாகப் போடக்கூடிய நடுத்தர எண்ணெயே பொருந்தும்.

எண்ணெய் போகவே கூடாத இடங்களும் உண்டு. நான் பார்த்த ஆரம்பக்காரர்களின் கோளாறுகளில் பாதிக்கு மேல் எண்ணெய் குறைந்ததால் வந்தவை அல்ல, போகக் கூடாத இடத்துக்குப் போனதால் வந்தவை. ஃபயரிங் பின் (தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி) ஓடும் துளை உலர்ந்தே இருக்க வேண்டும். அதற்குள் எண்ணெய் இறங்கினால் கரியும் பித்தளைத் துகளும் அதில் ஒட்டி நாளடைவில் பிசுக்காகும். அந்த ஊசி வேகமிழந்து, தோட்டாவின் அடியில் தீமூட்டும் பிரைமரில் மேலோட்டமாக மட்டும் குத்தும். சொடுக்கென்ற ஓசை வரும், தோட்டா வெடிக்காது. மேகசினின் உட்புறத்தில் தூசியை இழுக்கும் எந்த ஈரமும் ஆகாது. சேம்பரும் பேரலின் உள்குழாயும் சேமிப்பின்போது மட்டும் எண்ணெய்ப் படலத்துடன் இருக்கலாம். சுடுவதற்கு முன் உலர்ந்த துணித்துண்டை உள்ளே செலுத்தி அதை எடுத்துவிட வேண்டும், ஏனெனில் கூடு சேம்பரின் சுவரைப் பற்றிக்கொள்ள முடியாமல் போனால் ஸ்லைடின் முகப்பில் விழும் அழுத்தம் கூடிவிடும். ஊடுருவும் தன்மையுள்ள மெல்லிய எண்ணெய் தோட்டாவின் பிரைமருக்குள் கசிந்தால் அதைச் செயலற்றதாக்கிவிடலாம் என்பதால், எண்ணெய்க் கையோடு தோட்டாவைத் தொடாதிருப்பதும் நல்லது.

இனி, கைக்கு எட்டும் எண்ணெய்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தேங்காய் எண்ணெயை முதலில் ஒதுக்கிவிடலாம். பழைய தலைமுறையினர் சிலர் அதைப் போட்டார்கள் என்பது உண்மைதான். மார்கழிக் காலையில் குளியலறைப் புட்டியில் உறைந்து நிற்கும் அதே எண்ணெய், மலைவாசத்தலத்தில் பிஸ்டலுக்குள்ளும் உறைந்து நிற்கும்; அதன் உருகுநிலை ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸ். நல்லெண்ணெய் உறையாது, ஆனால் காற்றுப்பட்டுச் சிக்கு வாடை அடித்து, பின்னர் வார்னிஷ் போலக் காய்ந்துவிடும். தாவர எண்ணெய்கள் தொடக்கத்தில் அருமையாக வழுக்கும் என்பதுதான் அவற்றில் உள்ள ஆபத்து.

டபிள்யூ.டி-40 இல்லாத வீடு இன்று குறைவு. 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி உருவாக்கிய அந்தத் திரவத்தின் பெயரிலேயே அதன் வேலை சொல்லப்பட்டிருக்கிறது: நீரை விலக்குவதற்கான நாற்பதாவது முயற்சி. அட்லஸ் ஏவுகணையின் வெளித்தோல் துருப்பிடிக்காமலிருக்க அது பயன்பட்டது. மழையில் நனைந்த பிஸ்டலிலிருந்து ஈரத்தை விரட்ட அதைவிட எளிதான பொருள் கிடையாது. ஆனால் அதன் கரைப்பான் ஆவியான பின் எஞ்சும் படலம் மிக மெல்லியது. ஸ்லைடின் இடியைத் தாங்கும் மசகாக அதை நம்ப முடியாது. தவிர, ஸ்பிரேயாக அடிக்கும்போது அது போகக் கூடாத துளைகளுக்குள்ளேயே முதலில் போகும். நீரை விரட்டியதும் துடைத்துவிட்டு உரிய எண்ணெயைப் போடுவதே முறை.

கார், பைக் எஞ்சினுக்கான முழுச் செயற்கை எண்ணெயைப் போடுபவர்கள் பலர். உராய்வைப் பொறுத்தவரை அது தவறான தேர்வு அல்ல. எஞ்சினின் வெப்பத்தைத் தாங்கும் எண்ணெய்க்குப் பிஸ்டலின் வெப்பம் பெரிதல்ல. ‘5டபிள்யூ-30’ என்ற குறியீட்டில் முதல் எண் குளிரில் அது எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், இரண்டாவது எண் 100 டிகிரி வெப்பத்தில் எவ்வளவு தடிமனாக நிற்கும் என்பதையும் குறிக்கிறது. தமிழ்நாட்டுச் சமவெளியில் இரண்டாவது எண்ணைக் கவனித்தால் போதும். ஒரு லிட்டர் வாங்கினால் ஆயுளுக்கும் வரும் என்பது இதிலுள்ள சௌகரியம். எனினும் சேமிப்புக்கான துருத்தடுப்புக்கு இதை மட்டுமே நம்பியிருக்க நான் விரும்புவதில்லை.

சி.எல்.பி. என்று மூன்றெழுத்தில் குறிக்கப்படுவது, துடைக்கவும் மசகிடவும் பாதுகாக்கவும் ஒரே திரவம் என்ற எண்ணத்தில் அமெரிக்க ராணுவத்துக்காக வகுக்கப்பட்ட வகை. அந்த ராணுவத் தர எண்ணான மில்-பி.ஆர்.எஃப்-63460 புட்டியில் அச்சிடப்பட்டிருந்தால், அது விளம்பர வாசகங்களைவிட நம்பத் தகுந்த அடையாளம். இதற்கு மிக முந்தையது, 1904இல் ஜெர்மனியில் தோன்றிய பாலிஸ்டால். தண்ணீருடன் சேர்ந்து பால் போல வெண்மையாகும் அந்த எண்ணெய், வியர்வையும் ஈரமும் ஓயாத ஊர்களுக்குப் பொருத்தமானது. அதன் வாடையைத்தான் வீட்டில் உள்ளவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். கன் ஆயில் என்ற பெயரில் வரும் கரைப்பான்களில் அம்மோனியா கலந்தவை இருந்தால், நிக்கல் முலாம் பூசிய பிஸ்டலில் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. முலாமில் உள்ள நுண்விரிசல் வழியே இறங்கி, அடியிலுள்ள செம்புப் பூச்சை அரித்து, முலாமையே உரித்துவிடும்.

கிரீஸ் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எண்ணெயை ஒரு சோப்பு வகைப் பொருளில் ஊறவைத்துக் கெட்டியாக்கியதே கிரீஸ். அழுத்தம் விழும்போது அதிலிருந்து எண்ணெய் கசிந்து உலோகத்துக்கு நடுவே நிற்கும், அழுத்தம் விலகினாலும் கிரீஸ் வழிந்தோடாது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தரைப்படையின் எம்1 ரைபிளில் மழை எண்ணெயைக் கழுவிக்கொண்டு போனபோது, அந்தப் படை கிரீஸுக்கு மாறியதற்குக் காரணம் இதுதான். கிரீஸின் கெட்டித் தன்மையை என்.எல்.ஜி.ஐ. என்ற அளவுகோல் குறிக்கிறது: சக்கர பேரிங்குக்குப் போடுவது பெரும்பாலும் 2ஆம் எண்; 0, 1 ஆகியவை அதைவிட இளகியவை. அலுமினிய ஃபிரேமின் மீது எஃகு ஸ்லைடு ஓடும் பிஸ்டல்களின் ரெயில்களுக்கு 0 அல்லது 1 எண் கிரீஸ் மிகவும் ஏற்றது, ஏனெனில் அலுமினியத்தின் மேல் உள்ள கடினப் படலம் ஒருமுறை தேய்ந்து போனால் அதற்குக் கீழே இருப்பது மென்மையான உலோகம். ஆனால் ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும் கருநிற கிரீஸ் அனைத்தையும் அங்கே பூசிவிட முடியாது. கிராஃபைட் கலந்ததாக இருந்தால், ஈரம் சேரும்போது கிராஃபைட்டும் அலுமினியமும் சிறு மின்கலம் போலச் செயல்பட்டு அலுமினியம் அரிக்கப்படும். அலுமினிய ஃபிரேமுக்குக் கிராஃபைட் இல்லாத கிரீஸ் என்று கேட்டு வாங்குங்கள். குளாக் போன்ற சில பிஸ்டல்கள் புதிதாக வரும்போது ஸ்லைடுக்குள் செம்பு நிறப் பசை பூசப்பட்டிருக்கும். அது அழுக்கு என்று எண்ணிக் கழுவிவிட வேண்டாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார்.

சிலிக்கான் ஸ்பிரே ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் நல்லது. எஃகின் மீது எஃகு அழுந்தும் இடத்தில் அதனால் பயனில்லை.

இவற்றுள் எது உங்கள் ஊருக்குச் சரிவரும் என்பதைப் பிஸ்டலில் சோதிக்க வேண்டிய அவசியமே இல்லை. பூச்சு இல்லாத இரும்புத் தகட்டுத் துண்டுகள் நான்கையும் கண்ணாடித் துண்டு ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். தகடுகளை நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்தி, மூன்றில் மூன்று எண்ணெய்களை மெல்லியதாகத் தடவுங்கள். நான்காவதை வெறுமையாக விடுங்கள். ஒவ்வொன்றிலும் வியர்த்த விரலை ஒருமுறை அழுத்திவிட்டு, மழை நேரடியாகப் படாத பால்கனியில் வையுங்கள். கண்ணாடியில் அதே மூன்று எண்ணெய்களின் துளிகளை ஒரே வரிசையில் இட்டு, சற்றுச் சாய்த்து வெயில் படும் ஜன்னலோரம் நிறுத்துங்கள். கடலோரத்தில் வெறும் தகடு சில நாளிலேயே செம்மை பூத்துவிடும். மற்றவற்றில் எது முதலில் தோற்கிறது என்று பாருங்கள். கண்ணாடியில் எந்தத் துளி ஓடிப் போனது, எது நின்றது, எது விரலில் பிசுபிசுப்பாக ஒட்டுகிறது என்பதை ஒரு மாதம் கழித்துக் குறித்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் தகட்டில் வென்ற எண்ணெய் வேறு, கண்ணாடியில் வென்றது வேறு; அன்றிலிருந்து இரண்டு புட்டிகள் வைத்திருக்கிறேன்.

அளவு விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. ஊசி முனையுள்ள புட்டியால் ஒவ்வொரு ரெயிலிலும் ஒரு துளி விட்டு, பிஸ்டலை மீண்டும் கோத்து, ஸ்லைடைப் பத்து முறை இழுத்துவிடுங்கள். விளிம்பில் கோடாகப் பிதுங்கி வருவது அதிகப்படி, அதைத் துடைத்துவிடலாம். சுட்டு முடித்த பின் அந்த எண்ணெயை வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் அது கரி, கவலை இல்லை. சாம்பல் நிறத்தில், வெளிச்சத்தில் மினுமினுத்தால் அது உலோகத் துகள். அடுத்த முறை இன்னும் கெட்டியான மசகு தேவை என்று அர்த்தம்.

விளையாட்டுக்கான .22 பிஸ்டல் தனி ரகம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் ரேபிட் ஃபயர் போட்டியில் ஐந்து இலக்குகளை 8, 6, 4 வினாடிகளுக்குள் சுட வேண்டும். நான்கு வினாடித் தொடரில் ஸ்லைடோ, சில பிஸ்டல்களில் அதன் வேலையைச் செய்யும் போல்ட்டோ தயங்குவதற்கு இடமில்லை. .22 தோட்டாவின் ஈயக் குண்டில் மெழுகு வகைப் பூச்சு இருப்பதால் உள்ளே ஏற்கெனவே பிசுக்கு சேர்ந்துகொண்டே இருக்கும். அதன் மேல் கெட்டி கிரீஸைப் போடுவது சேற்றில் மண்ணைக் கொட்டுவது போல. இங்கே மெல்லிய எண்ணெய், ஒரு துளி, ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் என்பதே சரி. நான் குறை சொன்ன அந்தத் தையல் மெஷின் எண்ணெய்க்கு இங்கே உரிய மரியாதை உண்டு.

மீண்டும் காவல் நிலையத்துக்கு வருவோம். 2024 மக்களவைத் தேர்தல் மார்ச் 16 அன்று அறிவிக்கப்பட்டது, வாக்குகள் எண்ணப்பட்டது ஜூன் 4 அன்று. இடையில் 80 நாள், அக்னி நட்சத்திரமும் அதற்குள் அடக்கம். இப்படி ஒப்படைக்க வேண்டிய பிஸ்டலுக்கு, மசகு எண்ணெயைத் துடைத்துவிட்டு, துருத்தடுப்புக்கென்று விற்கப்படும் கெட்டிப் படல எண்ணெயைக் கையுறை அணிந்து எல்லாப் பரப்பிலும், பேரலின் உள்ளேயும், தடவ வேண்டும். ஃபயரிங் பின் துளையை மட்டும் தவிர்க்கலாம். தோல் உறை ஈரத்தையும் பதனிடப் பயன்பட்ட உப்புகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, துருத்தடுப்பு ஆவி வெளியிடும் வி.சி.ஐ. காகிதத்தில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றுடன் பெட்டியில் வைப்பது மேல். அங்கே சரிபார்ப்பவர் பிஸ்டலை வெறுங்கையால் எடுத்து அதன் வரிசை எண்ணைப் பார்ப்பார். அது அவருடைய கடமை, தடுக்க முடியாது. பார்த்து முடித்ததும், எண்ணெய் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். எனக்கு இதுவரை யாரும் மறுத்ததில்லை. திரும்பப் பெற்ற அன்றே கெட்டிப் படலத்தைக் கரைப்பானால் கழுவி, பேரலையும் சேம்பரையும் உலர்த்தி, ரெயில்களில் வழக்கமான எண்ணெயை ஒவ்வொரு துளி விட்ட பிறகுதான் சுடும் தளத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.