டிரிஃப்ட்வுட் வைத்தாலும் தண்ணீர் பழுப்பாகாமல் இருக்க: புதியவர்களுக்கான செய்முறை

என் முதல் இரண்டடி மீன் தொட்டியில், அழகுக்காக வைக்கிற டிரிஃப்ட்வுட் என்ற மரக்கட்டையை வாங்கி வந்த அன்றே வைத்துவிட்டேன். குழாயில் காட்டித் தூசி போகக் கழுவியதோடு சரி. மூன்றாம் நாள் தண்ணீர் டிகாஷன் மாதிரி ஆகிவிட்டது. பயந்துபோய் மொத்தத் தண்ணீரையும் கொட்டினேன், ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பிழிந்து கழுவினேன், புதுத் தண்ணீர் விட்டேன். இரண்டு நாளில் மறுபடி பழுப்பு. ஒரே வாரத்தில் மூன்று முறை இப்படிச் செய்ததில் நான்கு நியான் டெட்ரா மீன்கள் செத்துப்போயின.

அவை மரத்தால் சாகவில்லை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றித் தருகிற பாக்டீரியாக்கள் பெரும்பாலும் ஃபில்டர் பஞ்சில்தான் குடியிருக்கும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பிழிந்து அவற்றை நானே அழித்துவிட்டேன். இது புரிய எனக்கு வெகுநாள் ஆனது. உங்கள் மீன்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அந்தப் பழுப்பு எங்கிருந்து வருகிறது

மரத்தில் டானின் இருக்கிறது. டீத்தூளிலும் கடுக்காயிலும் வாழைப்பூவிலும் துவர்ப்பைத் தருவது இதே வகைப் பொருள்தான். மரம் ஊற ஊற அது தண்ணீரில் இறங்கும். மீனுக்குக் கெடுதல் இல்லை. அமேசானின் கிளையான ரியோ நீக்ரோ ஆறு முழுக்க இப்படித்தான் கறுத்து ஓடுகிறது, கார்டினல் டெட்ராவுக்கு அதுதான் சொந்த ஊர். பெட்டா மீன் வளர்ப்பவர்கள் காய்ந்த நாட்டு வாதுமை (பாதாம்) இலையைத் தொட்டியில் போடுவதும் இந்த டானினுக்காகத்தான்.

ஆகவே மீனைக் காப்பாற்றுவதற்காக இந்த வேலை இல்லை. கண்ணாடி வழியாகத் தெளிவாகப் பார்க்க வேண்டும், செடிகளுக்கு வெளிச்சம் குறையக்கூடாது, அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் பதற்றம் வராது.

எந்த மரம்

சென்னையில் கொளத்தூர்ப் பக்கம் போனால் வகைவகையாகக் கிடைக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் மோப்பானி கனமானது, சட்டென்று மூழ்கும், ஆனால் சாயம் விடுவதில் முதலிடம் அதற்குத்தான். மலேசியன் என்று விற்கிற கருங்கட்டையும் நன்றாகச் சாயம் விடும். கிளை கிளையாக விரிந்திருக்கும் ஸ்பைடர் வுட்டில் சாயம் குறைவு. ஆனால் அது பிடிவாதமாக மிதக்கும், மேலே வெள்ளையாகப் பாசி போல ஒன்று படரும். முதல் தொட்டி என்றால் அண்டாவுக்குள் முழுதாக அடங்கும் அளவில் ஒரு கட்டையை எடுங்கள். ஆளுயரக் கட்டை ஆசை பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வெளியில் பொறுக்கிய மரம் வேண்டாம் என்பேன். கடற்கரைக் கட்டையில் உப்பு ஏறியிருக்கும். அரளி, எருக்கு போன்றவை நஞ்சு. பால் வடிகிற, பிசின் கசிகிற மரங்களும், பெயின்டோ வார்னிஷோ பட்ட தச்சுக் கழிவுகளும் ஆகவே ஆகாது. நன்றாகக் காய்ந்து பட்டை உரிந்த கொய்யாக்கட்டையைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அதுவும் பூச்சிமருந்து அடிக்காத மரம் என்று உங்களுக்கே தெரிந்தால் மட்டும்.

முதலில் தேய்க்க வேண்டும்

சோப்பு, பாத்திரம் விளக்கும் பவுடர், பிளீச்சிங் பவுடர் எதுவும் தொடக்கூடாது. மரம் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பிறகு தொட்டிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விடும். வெறும் தண்ணீரும் கெட்டியான பிரஷும் போதும். பிளவுகளுக்குப் பழைய டூத்பிரஷ். விரல் நகத்தால் அழுத்தினால் குழைகிற இடங்கள் மக்கிப்போனவை, கத்தி முனையால் சுரண்டி எடுத்துவிடுங்கள். கூர்மையான முனைகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கினால் மீனின் துடுப்பு கிழியாது.

கொதிக்க வைத்தல்

சமையலுக்கு இனி எடுக்கப்போவதில்லை என்று முடிவு செய்த பழைய எவர்சில்வர் அண்டா ஒன்று வேண்டும். கட்டை மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, மிதந்தால் மேலே கனமான பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்து அமுக்கி, ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் கொதிக்க விடுங்கள். தண்ணீர் சுண்டினால் சூடான தண்ணீரையே சேர்க்க வேண்டும். மூடி போட்டு இறுக்கக்கூடாது, குக்கரில் வைக்கவே கூடாது. மண்வாடை வீடு முழுக்கப் பரவும், முடிந்தால் மொட்டை மாடியில் தனி அடுப்பில் செய்யுங்கள். இந்தச் சூட்டில் பூச்சி, முட்டை, பூஞ்சை பெரும்பாலும் போய்விடும்.

பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் மறுபடி கொதிக்க வையுங்கள். காபி ஃபில்டரில் முதல் டிகாஷன் கறுப்பாக இறங்கும், இரண்டாவது வெளுக்கும், மூன்றாவது வெறும் நிறத் தண்ணீர். இங்கேயும் அதேதான். முதல் தண்ணீரையே நாலு மணி நேரம் கொதிக்க விடுவதில் பயன் குறைவு, தண்ணீரை மாற்ற மாற்றத்தான் சாயம் இறங்கும். சிறிய கட்டைக்கு மூன்று நான்கு முறை போதும். நாள் கணக்கில் வேகவைத்தால் நார் தளர்ந்து மரம் சீக்கிரம் மக்க ஆரம்பிக்கும், ஆகவே அதற்கு மேல் போகாதீர்கள்.

அண்டாவில் பாதிதான் அடங்குகிறதா? ஒரு பக்கம் முடித்துக் கட்டையைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் வேகவையுங்கள். கொதித்த மரத்தின் உள்ளே சூடு வெகுநேரம் நிற்கும், தானாக ஆறட்டும்.

ஊறவைத்தல்

கொதிக்க வைத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பலர் செய்யும் தவறு. மரத்தின் மேல் அடுக்கில் இருந்த சாயம்தான் இப்போது வந்திருக்கிறது. உள்ளே இருப்பது மெல்லத்தான் வரும். பக்கெட்டிலோ டிரம்மிலோ மூழ்க வைத்து, ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம்வரை ஊறவிடுங்கள். மோப்பானி என்றால் இன்னும் கூடுதலாக ஆகும். அண்டாவில் அடங்காத பெரிய கட்டைக்கு, நன்கு சூடான தண்ணீரைத் தினமும் மேலே ஊற்றி ஊறவைப்பதுதான் வழி. கெமிக்கல் வந்த பழைய நீல டிரம்களை எவ்வளவு கழுவினாலும் இதற்கு எடுக்காதீர்கள்.

இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். மாற்றும்போது பக்கெட்டின் உட்சுவரையும் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரைத் தேடி வந்து, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில்தான் முட்டை ஒட்டும். பழைய வேட்டித் துணியால் வாயை மூடிக் கட்டிவையுங்கள். மீன் வளர்க்கப் போய் வீட்டில் யாருக்கும் காய்ச்சல் வரவேண்டாம்.

போதுமா என்று எப்படித் தெரியும்

நான் எப்போதும் செய்வது இது. சுத்தமான பக்கெட்டில் புதுத் தண்ணீர் ஊற்றிக் கட்டையை ஒரு நாள் முழுக்க வைக்கிறேன். மறுநாள் அந்தத் தண்ணீரை ஒரு வெள்ளைப் பீங்கான் கப்பில் மொண்டு, பக்கத்தில் இன்னொரு வெள்ளைக் கப்பில் குழாய்த் தண்ணீரையும் வைத்துப் பார்க்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது என்றால் தொட்டிக்குத் தயார். பளிச்சென்று டீ நிறம் தெரிந்தால் இன்னும் ஒரு வாரம். தேதியை நம்பாதீர்கள், கப்பை நம்புங்கள். ஒரே கடையில் ஒரே வகையாக வாங்கிய இரண்டு கட்டைகளில் ஒன்று பத்து நாளில் முடிந்திருக்கிறது, மற்றது ஒன்றரை மாதம் இழுத்திருக்கிறது.

மிதந்தால்

ஊறிய பிறகும் மிதக்கிறதா? அடியில் ஒரு கல் பலகையை வைத்து எவர்சில்வர் ஸ்க்ரூவால் முடுக்குங்கள், அல்லது தூண்டில் நரம்பால் கட்டுங்கள். இரும்பு ஆணி துருப்பிடிக்கும். கடப்பாக்கல் துண்டு எளிதாகக் கிடைக்கும், ஆனால் அது சுண்ணாம்புக்கல் வகை, தண்ணீரின் கடினத்தன்மையை மெல்லக் கூட்டும். சமையல் மேடை போட்டு மீந்த கிரானைட் துண்டு நல்லது.

தொட்டிக்குள் வைத்த பிறகு

முதல் மாதம் லேசான மஞ்சள் வரலாம். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள், குளோரினை நீக்கும் ஆன்டி குளோரின் கலந்த பிறகு ஊற்றுங்கள். இதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் (நிறத்தை உறிஞ்சும் கரி) பை ஒன்று வையுங்கள். கரித்தூள் போகக் கழுவிவிட்டு வைக்க வேண்டும், மூன்று நான்கு வாரத்தில் அதன் சக்தி தீர்ந்துவிடும், புதிது மாற்ற வேண்டும். மீனுக்கு மருந்து போடும் நாட்களில் வெளியே எடுத்துவிடுங்கள், மருந்தையும் அது உறிஞ்சிவிடும். ஃபில்டர் பஞ்சு அழுக்கானால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

டானின் தண்ணீரைக் கொஞ்சம் அமிலமாக்கும். கடினத்தன்மை அதிகமான போர்வெல் தண்ணீரில் இந்த மாற்றம் அநேகமாகத் தெரியாது. மிக மென்மையான தண்ணீர் வைத்திருப்பவர்கள் மட்டும் பிஎச் அளவை அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

மரத்தின்மேல் வெள்ளையாகக் கோழை மாதிரி படர்ந்தால் மரம் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். மரத்தில் மீதமிருக்கும் சத்தைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் தின்பதுதான் அது. நத்தையும் இறாலும் அதை விரும்பிச் சாப்பிடும். இல்லையென்றால் டூத்பிரஷால் தேய்த்து எடுங்கள், சில வாரங்களில் தானாக நின்றுவிடும்.

தண்ணீர் பழுப்பாக இல்லாமல் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் அதற்கு மரம் காரணமாக இருப்பது அரிது. புதுத் தொட்டியில் பாக்டீரியா பெருகும்போது அப்படி ஆகும். அந்தச் சமயத்தில் தீனியைக் குறைத்து, ஃபில்டரை ஓடவிட்டு, தொட்டியைக் கலைக்காமல் சில நாள் விட்டுவிடுங்கள்.