மதிப்பெண்ணுக்கு முன்னால் குறிப்பைக் கொடுங்கள்

திருத்திய விடைத்தாள் கைக்கு வந்ததும் மாணவர்கள் முதலில் தங்கள் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். அடுத்து, பக்கத்தில் இருப்பவரின் மதிப்பெண்ணை. ஓரத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் எழுதியதைப் படிப்பவர்கள் குறைவு.

1988இல் வெளியான, கல்வி உளவியலாளர் ரூத் பட்லரின் ஆய்வும் இதற்கு ஒத்துப்போகிறது. குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

ஆகவே வகுப்புத் தேர்வில் குறிப்பை மட்டும் எழுதிக் கொடுங்கள். மதிப்பெண் உங்கள் பதிவேட்டில் இருக்கட்டும். மாணவர்கள் தவற்றைத் திருத்திக் காட்டிய பிறகு சொல்லலாம்.

எப்படிப்பட்ட குறிப்பு என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு மாணவி 3/4 + 1/8 = 4/12 என்று எழுதியிருக்கிறாள். ‘கவனம் தேவை’ என்று எழுதினால் அவளுக்கு என்ன புரியும்? பாவம், கவனமாகத்தான் மேலே இருப்பவற்றையும் கீழே இருப்பவற்றையும் தனித்தனியாகக் கூட்டியிருக்கிறாள்! ‘கூட்டிய பிறகு விடை 3/4ஐ விடச் சிறிதாகிவிட்டதே? 3/4ஐ எட்டில் எத்தனை பங்கு என்று மாற்றிப் பார்’ என்று எழுதுங்கள். 7/8க்கு அவளே வந்துசேருவாள்.

மாணவர்கள் திருத்துவதற்கு அன்றே வகுப்பில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வீட்டுக்குப் போன தாள் பைக்குள்ளேயே மடிந்து கிடக்கும்.

நாற்பது பேருக்கும் எழுத நேரம் ஏது என்கிறீர்களா? ஒரு தாளுக்கு ஒரு குறிப்பு போதும். பலரும் செய்த தவற்றைக் கரும்பலகையில் பொதுவாக விளக்கிவிடலாம்.